சுருளாத முதுகு

சொரிமுத்துவின் முதுகைப் பியூலா முதன்முதலில் தொட்டபோது, அது வெயிலில் கிடந்து முறுக்கிக்கொண்ட பலகை மாதிரி இருந்தது.

"எங்க வலிக்குது அண்ணாச்சி?"

"வலிக்காத இடத்தக் கேளுங்கம்மா. சட்டுனு சொல்லிருதேன்."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி பேச்சித்தாய் சிரித்தாள். "நாக்கு ஒண்ணுதான் அவுகளுக்கு வலிக்காது."

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரம், முள்ளியடி உப்பளம். அங்கே புருஷனும் பெண்டாட்டியும் மூட்டை தூக்கினார்கள். தூக்க எந்திரம் வராமல் இல்லை. வந்த எந்திரத்தை எல்லாம் உப்பு தின்றுவிட்டது. துருப்பிடித்த இரும்புக் கைகள் குவியலாக வேலியோரம் கிடந்தன. ஆள் துருப்பிடிப்பதில்லை. வளைகிறான், அவ்வளவுதான். வளைந்தவனை அனுப்பிவிட்டு இன்னொருவனை எடுத்துக்கொள்ளலாம்.

பியூலா படித்தது கைரோபிராக்டிக். முதுகெலும்பைக் கையால் தடவி, எந்தக் கணு இறுகியிருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரே தள்ளில் அதை அசைத்துவிடும் வைத்தியம். சொடக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஆட்கள் வந்தார்கள். சத்தம் கேட்டதும் பாதி வலி போய்விட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் அதே வலியோடு திரும்பி வந்தார்கள். மூட்டைக்கு முன்னால் முதுகை வளைத்துக் குனிகிறவரை அவள் கை எதைச் சரிசெய்தாலும் ஒரு வாரத்துக்குத்தான்.

அதனால்தான் பட்டை வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள்.

பட்டை என்பது விரல் அகலமுள்ள, மயிரிழை கனமுள்ள ஒரு நாடா. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தோலுக்கு அடியில் வைத்துவிடுவார்கள். முதுகு வளையத் தொடங்கியதும் அது முதுகுத் தசைகளுக்கு மின்னோட்டம் கொடுத்து நிமிர்த்தும். தயாரித்த நிறுவனம் பெங்களூரில் இருந்தது. அங்கிருந்து தருண் என்கிற பையன்தான் அவளுக்குப் போனில் விளக்கினான்.

"தசைக்கு நேரடியா உத்தரவு போகும் மேடம். மூளைகிட்ட கேக்காது."

"கேக்காமயேவா?"

"கேட்டாதானே அது பழைய பழக்கத்தச் சொல்லும்?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

பியூலாவுக்குப் போனில் பேசப் பயம். என்ன சொல்ல வேண்டும் என்பதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்துவாள். அப்படியும் எதிர்முனையில் குரல் வந்ததும் வாய் குழறும். பட்டையைப் பற்றிக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி அவளிடம் இருந்தது. ஒருவன் வளைந்தே ஆக வேண்டிய நேரம் வந்தால்? கேட்பதற்குள் தருண் நன்றி சொல்லி வைத்துவிட்டான். அவள் மறுபடி அழைக்கவில்லை.

பட்டையை முதலில் வைத்துக்கொண்டவன் பிரசன்னா. உப்பள முதலாளியின் மகன். அப்பா மதுரையில் படுக்கையில் கிடந்ததால் உப்பளம் அவன் கைக்கு வந்திருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் அளவுக்கு மேல் எடை தூக்கி இடுப்பில் முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கியிருந்தது அவனுக்கு. பட்டை வைத்த ஒரு மாதத்தில் வலி போயிற்று. ஆளும் ஓர் அங்குலம் உயர்ந்த மாதிரி நடந்தான்.

"டாக்டர், எனக்கு வச்சதும் அவனுங்களுக்கு வைக்கிறதும் ஒண்ணா?"

"ஒண்ணுதான் சார்."

"வெளிய சொல்லிராதீங்க."

பிறகு தொழிலாளிகளுக்கு வைத்தார்கள். காப்பீட்டு நிறுவனம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. பட்டை இல்லாதவனுக்கு வேலை இல்லை. பியூலா ஒவ்வொருவரையும் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"கீழ போகணும்னா முதுகை வளைக்காதீங்க. பின்னால ஒரு நாற்காலி இருக்குன்னு நினைச்சுக்கங்க. இடுப்ப மடக்கி, முழங்கால மடக்கி உக்காரணும். நெஞ்சு நிமிந்து இருக்கணும். பார்வை நேரா. அப்புறம் காலால எந்திரிக்கணும்."

சரியாகத் தூக்கினால் தூக்கியவரின் கழுத்தடியில் பூனை உறுமுவது போல மெல்லிய அதிர்வு வரும். பியூலாவின் கைக்கருவியில் பச்சை விளக்கு எரிந்து, 'சரியான தூக்கு' என்று எழுத்து ஓடும். உப்பளத்திலேயே சுத்தமான தூக்கு பேச்சித்தாயுடையது. அவள் தூக்கினால் கருவி ஒருநாளும் பச்சையைத் தவிர வேறு காட்டியதில்லை.

"இவளுக்கு அந்தப் பூனை ஓயாம உறுமுது," என்றான் சொரிமுத்து. "எனக்குத்தான் அது வாயத் தொறக்க மாட்டேங்கு."

ஆனால் அவனும் நிமிர்ந்தான். மல்லாந்து படுத்துத் தூங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, நோயாளியாக அல்லாமல், சும்மா பியூலாவைப் பார்க்க வந்தான். கூடவே ஒரு பை நிறையப் பனங்கிழங்கு. அவன் போன பிறகு பியூலா கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். வேலையில் அவளுக்கு அதுவரை கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

*

உப்பெடுக்கும் பருவம் தொடங்குகிற அன்று முள்ளியடியில் துண்டு வாங்குகிற வழக்கம் ஒன்று உண்டு. முதல் உப்புக் குவியலான அம்பாரத்துக்குப் பூ வைத்து, சூடம் காட்டி, முதலாளி ஒவ்வொரு தூக்குகாரருக்கும் ஒரு புதுத் துண்டு கொடுப்பார். வாங்குகிறவர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலாளியின் வயிற்றுக்குக் கீழே தலை போகும்படி குனிந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும். எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான். அதைப் பற்றி யாரும் பியூலாவிடம் சொல்லவில்லை. பெங்களூரிலும் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் பிரசன்னா முதன்முதலாகத் துண்டு கொடுத்தான். பக்கத்து உப்பளக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பியூலாவுக்கும் ஒரு நாற்காலி. வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

வரிசையில் முதல் ஆள் சொரிமுத்து. வயதில் மூத்தவன் என்பதால் அந்த மரியாதை. துண்டை இடுப்பில் கட்டினான். குனிந்தான். பட்டை விடவில்லை. மறுபடி குனிந்தான். முதுகு விறைத்தது. முகத்தில் குழப்பம். பின்னால் இருந்து யாரோ, "கீழ போவும்வே," என்றார்கள்.

கீழே போக அவனுக்கு ஒரே ஒரு வழிதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. பின்னால் நாற்காலி இருப்பதாக நினைத்துக்கொண்டான். இடுப்பை மடக்கி, முழங்காலை மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பிரசன்னாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தான். கையை நீட்டினான்.

கருவி பச்சை காட்டியது. பியூலாவுக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அதை அவளால் பிற்பாடு மறக்கவே முடியவில்லை.

நாற்காலியில் இருந்த ஒருவர் சொன்னார். "என்ன பிரசன்னா, உன் ஆளு உன் முன்னாலயே வெளிக்கு உக்காருதான்?"

எல்லோரும் சிரித்தார்கள். தொழிலாளிகளிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். சொரிமுத்துவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் அவனைக் கொன்றது.

பிரசன்னா அறைந்தான். சொரிமுத்து பின்னால் சாய்ந்து உப்பில் விழுந்தான். "சின்ன முதலாளி, பட்டைதான் விட மாட்டேங்கு," என்றான். "டாக்டரம்மாவ வேணா கேளுங்க." பிரசன்னா யாரையும் கேட்கவில்லை. உதைத்தான். அவனுடைய காரிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவன் கையில் இரும்புக் கம்பி இருந்தது. அதை வீசிக் காட்டியதும் வரிசை பின்னால் நகர்ந்தது.

அடிபடுகிறவன் என்ன செய்வான் என்பது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. தலையை உள்ளே இழுப்பான். முழங்காலை வயிற்றோடு சேர்ப்பான். முதுகை வளைத்துச் சுருண்டு, மென்மையான இடங்களை எல்லாம் உள்ளே வைத்து மூடிக்கொள்வான். தாய் வயிற்றில் முதுகெலும்பு முதலில் கற்ற வடிவம் அதுதான். பியூலா அதைப் படித்திருந்தாள். தேர்வில் படம்கூட வரைந்திருந்தாள்.

சொரிமுத்து சுருளப் பார்த்தான். பட்டை அவனை நிமிர்த்தியது.

மறுபடி சுருண்டான். மறுபடி நிமிர்த்தியது. ஒவ்வொரு உதைக்கும் அவன் உடம்பு மடங்கப் போய், பாதியில் விறைத்து, வயிறும் நெஞ்சும் முகமும் திறந்து கிடக்க மல்லாந்தது. உதைக்கிறவர்களுக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "எப்படி நெஞ்சக் காட்டுதான் பாருல," என்றான் ஒருவன்.

பியூலா கருவியைத் திறந்தாள். 'தளர்த்து' என்ற பொத்தானை அழுத்தினாள். 'நிறுவனத்தின் அனுமதி தேவை' என்று வந்தது. போன் செய்தாள். என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்க நேரமில்லை. ஒரு பெண் எடுத்தாள்.

"அவசரம்ங்க. ஒருத்தருக்கு... பட்டையத் தளத்தணும். அவசரம். அவசரம்ங்க."

"ஒரு நிமிடம் இணைப்பிலேயே இருங்கள்."

பாட்டு ஒலித்தது. புல்லாங்குழல். நடுநடுவே ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்றது.

பேச்சித்தாய் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடி வந்து புருஷன் மேல் விழுந்தாள். அவனைப் பொதிந்து மூடிக்கொள்ளப் பார்த்தாள். அவளுக்கும் பட்டை இருந்தது. வளைந்து மூட முடியாமல் ஒரு பலகை மாதிரி அவன் மேல் கிடந்தாள். கம்பிக்காரன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து அப்பால் போட்டான். பிறகு கம்பியைச் சொரிமுத்துவின் வயிற்றில் இறக்கினான்.

புல்லாங்குழல் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. அனுமதி வந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை.

போலீஸ் வந்தது. அம்பாரத்திலிருந்து வழுக்கி விழுந்தான் என்று எழுதிக்கொண்டு போனது. நாற்காலியில் இருந்த எல்லோரும் அவன் வழுக்கியதைப் பார்த்திருந்தார்கள். பியூலா பார்த்ததைச் சொன்னாள். ரொம்ப மெதுவான குரலில் சொன்னாள். காவலர் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு எதையும் எழுதவில்லை.

தூக்குகாரர்கள் செத்தால் கழுத்துக்கும் முதுகுக்கும் அடியில் துணி சுருட்டி வைத்துத்தான் கிடத்துவார்கள். கூன் தரையில் படியாது. சொரிமுத்துவுக்குத் துணி தேவைப்படவில்லை. நேராகக் கிடந்தான். "ராசா மாதிரி கெடக்கான்," என்று ஒரு கிழவர் சொன்னார். பேச்சித்தாய் திரும்பிப் பியூலாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது பியூலாவுக்கு.

*

தொழிலாளிகள் வந்து பட்டையை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தால் வேலை இல்லை என்று உப்பளத்தில் சொன்னார்கள். அவர்கள் திரும்பிப் போய் மூட்டை தூக்கினார்கள்.

பெங்களூரிலிருந்து தருணே கூப்பிட்டான். குரலில் பழைய துள்ளல் இல்லை.

"மேடம், தளர்த்துற அனுமதியை உங்க கைக்கே குடுத்துட்டோம். நாலு எண் சொல்றேன், மனசுல வச்சுக்கங்க. இனிமே யாரையும் கேக்க வேண்டாம். அழுத்தினா அந்த ஆளோட பட்டை கொஞ்ச நேரம் செத்துப்போயிரும். சுருண்டுக்கலாம்."

"இத முதல்லயே..." என்று தொடங்கினாள் பியூலா.

"இன்னொரு விஷயம்," என்றான் தருண். "உங்க சின்ன முதலாளி ஒரு கோரிக்கை அனுப்பியிருக்காரு. நீங்கதான் அமைச்சுக் குடுக்கணும்."

கோரிக்கை என்ன என்பதைப் பிரசன்னாவே வந்து சொன்னான். வைத்தியசாலைக் கட்டிலில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நிமிர்ந்துதான் உட்கார்ந்தான்.

"பட்டைக்கு நிமித்த மட்டும்தான் தெரியுமா டாக்டர்? குனிய வைக்கவும் தெரியுமாமே."

"தெரியும் சார். ஆனா..."

"என் பட்டைதான் அடையாளம். நான் பக்கத்துல வந்தா ஒவ்வொருத்தனும் தானா குனியணும். போனா நிமிரணும். இனிமே எவனும் முடியலன்னு சொல்லக் கூடாது பாருங்க."

"நான் மாட்டேன் சார்." சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரசன்னா கோபப்படவில்லை. சிரித்தான். "நீங்க மாட்டேன்னா நான் பழையபடிதான் சொல்லிக்குடுக்கணும். பாத்தீங்கல்ல, எனக்கு அதுல பொறுமை பத்தாது. அந்தப் பொம்பள வேற கோர்ட்டுக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா. அவளுக்கு ஒரு பொட்டப்பிள்ள இருக்கு."

அவன் போன பிறகு பியூலா தருணை அழைத்தாள். இந்தத் தடவை மனதுக்குள் நன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க முடியாதுன்னு சொல்லுங்க. நிறுவனம் சொன்னா அவரு கேப்பாரு."

"அதுவும் ஒரு உடல்நிலைதானே மேடம். நிக்கிறது, உக்காருறது, குனியுறது. இங்க அதுக்கு வரவேற்பு நிலைன்னு பேரு வச்சிருக்காங்க. ஓட்டல்காரங்ககூட கேட்டிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் பிடிக்கலைதான்," என்றான். பிடிக்காதது போதுமானதாக இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

குனிய வைக்க இரண்டு வழி இருந்தது. முதுகை வளைத்துக் குனிவது ஒன்று. இடுப்பை மடக்கிக் குனிவது இன்னொன்று; பட்டை இடுப்பைப் பின்னுக்கு இழுத்தால் விழாமலிருக்க முழங்கால் தானாக மடங்கும். ஆறிக்கொண்டிருக்கும் முதுகுகளை வளைத்தால் தட்டு மறுபடி பிதுங்கும். அதை மட்டும் செய்ய மாட்டேன் என்று பியூலா பிரசன்னாவிடம் சொன்னாள். தலை அவன் வயிற்றுக்குக் கீழே போனால் போதும், எப்படிப் போகிறது என்பது அவனுக்கு முக்கியமில்லை.

ஒவ்வொருவராக வந்து அமைத்துக்கொண்டு போனார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாகப் பேச்சித்தாய் வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை. சட்டை முதுகை அவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். கொண்டைக்குக் கீழே, முடி பிடுங்கிய இடத்தில், இன்னும் பொருக்கு இருந்தது.

"ஒரு தடவ போட்டுப் பாக்கேன் அக்கா. பயப்படாதீங்க," என்றாள் பியூலா.

அழுத்தினாள். பேச்சித்தாயின் இடுப்பு பின்னால் போனது. முழங்கால் மடங்கியது. நெஞ்சு நேராக நின்றபடி உடம்பு மொத்தமும் கீழே இறங்கியது. கைகள் இரண்டும் முன்னால், ஒருவரின் முழங்கால் இருக்கும் உயரத்தில், தொங்கின. அப்படியே நின்றாள். அந்த நிலையில் சற்று நேரம் யோசித்தாள்.

"ஏம்மா," என்றாள். "இது குனியுறது இல்லியே. மூட்டை தூக்குற நிலைல்லா இது?"

வெளியே உப்பு லாரி ஒன்று முக்கிக்கொண்டு போயிற்று.

"ஆமாக்கா," என்றாள் பியூலா.

"வேணும்னேதான் வச்சியளா?"

"முதுகு கெட்டுரக் கூடாதுன்னுதான் வச்சேன்." அது உண்மை. அது முழு உண்மையா என்று பியூலாவுக்கே தெரியவில்லை.

பேச்சித்தாய் நிமிர்ந்து சட்டையைப் பூட்டிக்கொண்டாள். முதன்முறையாகப் பியூலாவின் கையைத் தொட்டாள். "அப்படியே இருக்கட்டும். மாத்திராதிய," என்றாள்.

*

பிரசன்னா அதைக் காட்ட ஒரு நாள் குறித்தான். அதே பக்கத்து உப்பளக்காரர்கள், அதே நாற்காலிகள். அன்றைக்குச் சிரித்தவரைக் குறிப்பாக அழைத்து முன் வரிசையில் உட்கார வைத்தான். உப்பு மூட்டைகளை லாரிக்கு ஏற்றுகிற கல் மேடை, ஓர் ஆள் உயரம். அதன் மேல் தூக்குகாரர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு பாதை. மேடைக்குக் கீழே ஜல்லி.

பியூலா ஓரமாகக் கருவியோடு நின்றாள். ஏதாவது கோளாறு என்றால் சரிசெய்ய.

பிரசன்னா பாதையில் நடந்தான். அவன் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உடம்புகள் இறங்கின. கடந்ததும் எழுந்தன. காற்று போகிற வயல் மாதிரி இருந்தது. முழங்கால்கள் மடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பிரசன்னா கடைசிவரை போய்த் திரும்பினான். மறுபடி நடந்தான். ஒரு குழந்தை மாதிரி சட்டென்று நின்றான், பின்னால் ஒரு அடி வைத்தான், முன்னால் ஒரு அடி வைத்தான். வரிசை அவனோடு இறங்கி ஏறியது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மேடை விளிம்பில், கடைசி ஆளாக, பேச்சித்தாய் நின்றாள். அவள் முன்னால் வந்து அவன் நின்றுவிட்டான். அவள் இறங்கினாள். அவன் நகரவில்லை. நகராதவரை அவளால் எழ முடியாது.

"கோர்ட்டுக்குப் போறியாமே," என்றான். "இப்படியே போ. ஜட்ஜுக்கு வசதியா இருக்கும்."

முன் வரிசைக்காரர் சிரித்தார்.

பேச்சித்தாயின் பார்வை நேராக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவள் கைகள் முன்னால் போய் அவன் முழங்கால்களுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன. உடம்போடு சேர்த்து இழுத்தாள். சுமை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு முதுகுக்கு நல்லது. அதையும் பியூலாதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

பட்டை அவளைக் கீழேயே பிடித்துவைக்கப் பார்த்தது. ஆனால் அவள் முதுகால் எழவில்லை. காலால் எழுந்தாள். கால்களுக்குப் பட்டை இல்லை. பிரசன்னா காற்றில் ஏறினான். "ஏய்," என்றான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவனுடைய பட்டை அவனை விறைப்பாக, நேராக, ஒரு மூட்டையை விடத் தூக்க வசதியாக வைத்திருந்தது.

பியூலாவின் கையில் கருவி பச்சை காட்டியது. சரியான தூக்கு.

பேச்சித்தாய் அவனை லாரிக்குப் போடுவது போலப் போட்டாள். லாரி அங்கே இல்லை. ஜல்லியில் மல்லாந்து விழுந்தான். கை ஒன்று தவறான பக்கம் மடங்கியிருந்தது. காரின் அருகில் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பார்த்தார்கள். ஆட்களின் கையில், மேடையோரத்திலிருந்து எடுத்த உப்பு வாரும் மண்வெட்டிகளைப் பார்த்தார்கள். காருக்கே திரும்பி ஓடினார்கள். நாற்காலிகள் காலியாயின.

அவனை நெருங்கிய ஒவ்வொருவரையும் பட்டை குனிய வைத்தது. நின்றுகொண்டு அவனை அடிக்க அவர்களால் முடியவில்லை. இடுப்பை மடக்கி, முழங்காலை மடக்கி, நெஞ்சு நிமிர்ந்து, மரியாதையாகக் குனிந்தபடியே அடித்தார்கள். மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்தார்கள். ஜல்லியை எடுத்து அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ஏதோ பூசை நடப்பது மாதிரி இருந்திருக்கும்.

பிரசன்னா சுருளப் பார்த்தான். பட்டை நிமிர்த்தியது. மறுபடி சுருளப் பார்த்தான். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே அவன் முகம் பியூலாவைத் தேடிக் கண்டுபிடித்தது. "டாக்டர்," என்றான். "பட்டை. டாக்டர், பட்டைய..."

பியூலா கருவியைப் பார்த்தாள். அவன் பெயர் இருந்தது. பக்கத்தில் 'தளர்த்து' இருந்தது. தருண் சொன்ன நாலு எண்ணும் அவள் நாக்கின் நுனியிலேயே இருந்தன. அவன் சொன்ன நாளிலிருந்து தூங்கப் போகும்போது அவற்றைச் சொல்லிக்கொண்டுதான் படுத்தாள். அடுத்த தடவை ஒரு நொடிகூடத் தாமதம் ஆகக் கூடாது என்று.

கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. முதுகெலும்பு யாருடையதானாலும் முதுகெலும்புதான் என்று கல்லூரியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. எங்கோ ஓர் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவள் கை போடுகிற சொடக்கு மாதிரியே இருந்தது.

கருவியை மூடிப் பைக்குள் வைத்தாள். போனை எடுத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெங்களூர் எண்ணை அழுத்தினாள்.

"ஒரு நிமிடம் இணைப்பிலேயே இருங்கள்," என்றது குரல்.

புல்லாங்குழல் ஒலித்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து நின்று, கேட்டாள். ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலில் இருந்து தொடங்கியது. அதுவும் முடிந்தது. பேச்சித்தாய் மேடை விளிம்பில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முதுகை வளைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழ அவளுக்கு வேண்டியிருந்தது. முடியவில்லை. நேராக உட்கார்ந்து அழுதாள்.

பியூலா கருவியை மறுபடி எடுத்தாள். பேச்சித்தாயின் பெயரைத் தேடி, நாலு எண்ணையும் போட்டு, தளர்த்தினாள். அந்த முதுகு மெல்ல மெல்லச் சுருண்டது.

போனில் ஒரு பெண் வந்தாள். "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

இந்தத் தடவை பியூலாவின் வாய் குழறவில்லை.

"பிரசன்னான்னு ஒருத்தருக்குப் பட்டையத் தளத்த அனுமதி வேணும்," என்றாள். "மெதுவா பாருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."